மலையின் வேர்

பூமியின் உள்ளே சென்று கண்டார் எவருமிலர். மனிதர் துளைத்த துளைகளுள் மிக ஆழமானதும் ஏறக்குறைய 12 கிலோமீட்டரே. பூமியின் மையமோ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. எனினும் அதன் அடுக்குகளை அறிஞர் அறிந்துள்ளனர். அவ்வறிவுக்கு வழிகோலிய ஓர் ஆராய்ச்சி, தமிழ் நிலத்தில் தொடங்கிய அளவையொன்றில் பிறந்ததாகும்.

1802 ஏப்ரல் 10 ஆம் நாள், சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அதன்மேல் முக்கோணங்களாக வளர்ந்த நில அளவை, ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் இமய அடிவாரத்தை எட்டியது. ஆங்கே ஒரு சிக்கல் எழுந்தது. கலியான்பூர், கலியானா என்னும் ஈரிடங்களின் அட்சரேகை வேறுபாட்டை நிலத்தில் அளந்து கண்டதற்கும், விண்மீன் நோக்கிக் கண்டதற்கும் 5.236 விகலை மாறுபட்டது. தரையில் இது சுமார் 160 மீட்டர். எவரெஸ்ட் இதனை அளவைப் பிழையெனக் கொண்டார்.

கல்கத்தாவில் சமயப் பணியாற்றிய ஜான் பிராட் அவ்வாறு கருதவில்லை. இமயத்தின் ஈர்ப்பினால் தூக்குக்குண்டு மலைப்பக்கம் சாயுமன்றோ? அச்சாய்வை அவர் கணக்கிட்டார். விடையோ 15.885 விகலை! கண்டதைப்போல் மும்மடங்கு. அங்ஙனமாயின் மலையின் எடை எங்கே போயிற்று?

1855 இல் ஜார்ஜ் ஏய்ரி என்னும் வானூலார் விடை கூறினார். நீரில் மிதக்கும் மரக்கட்டைகளை அவர் உவமை காட்டினார். மேலே மிகுதியாக உயர்ந்து நிற்கும் கட்டை, கீழேயும் மிகுதியாக ஆழ்ந்திருக்கும். அதுபோல மலைக்கும் வேருண்டு. கனம் மிகுந்த உட்பொருளின் இடத்தை இலேசான பாறையாலாகிய அவ்வேர் பிடித்துக்கொள்வதால், ஈர்ப்புக் குறைகிறது. நம் தோட்டப்புறப் பள்ளியிலும் இதனைக் காட்டலாம். கனம் வேறுபட்ட காய்ந்த ரப்பர்ப் பலகைகளை வாளி நீரில் மிதக்கவிட்டால் போதும்.

உவமைக்கும் எல்லையுண்டு. குனோங் லேடாங் போன்ற 1,276 மீட்டர்த் தனிமலையைப் புவியோட்டின் வலிமையே தாங்கவல்லது. பெருமலைத் தொடர்களுக்கே ஆழ்ந்த வேர் வேண்டும். திபெத்தின் கீழ் ஓடு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தடித்திருப்பதை நிலநடுக்க அலைகள் பின்னர் உறுதிப்படுத்தின.

அவ்வலைகளே மேலும் ஆழத்தைக் காட்டின. இந்திய நிலவியல் அளவைத் துறையிலிருந்த ரிச்சர்டு ஓல்டாம், 1897 ஜூன் 12 இல் நேர்ந்த அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்து, அலைகளின் வகைகளைப் பிரித்தறிந்தார். 1906 இல், பூமிக்குக் கருவம் உண்டென நிறுவினார். 1936 இல் இங்கே லேமன் என்னும் டென்மார்க்கு அம்மையார் அதனுள் மற்றோர் உட்கருவம் இருப்பதைக் கண்டார்.

ஓடு, வெண்கரு, மஞ்சட்கரு என முட்டையைக் காட்டிப் பூமியை விளக்குவது வழக்கம். அடுக்குகளின் வரிசைக்கு அது பொருந்தும், தன்மைக்குப் பொருந்தாது. வெண்கரு நெகிழும். அதன் இடத்திலுள்ள கவசமோ திண்ணிய பாறை. ஊழிக்கணக்கில்தான் மெல்ல நகரும். வெளிக்கருவம் உருகிய உலோகம், உட்கருவம் திண்மம். முட்டையைக் காட்டும் ஆசிரியர் இவ்வேறுபாட்டையும் கூறாவிடில், நம் காலடியில் 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை நெருப்புக் குழம்பே நிறைந்துள்ளதென்று பிள்ளைகள் எண்ணிவிடுவர். பிராட்டும் ஏய்ரியும் உவமையை அளவையோடு ஒப்பிட்டே உண்மையைத் தேடினர். வகுப்பறைக்கும் அந்நெறியே ஏற்றது.