இரகசியம் காக்கும் சில்லு

பம்பாயிலும் கல்கத்தாவிலும் உழைத்த நம்மவர் ஒரு காலத்தில் ஊருக்குப் பணம் அனுப்பிய முறையை நாம் மறந்துவிடவில்லை. 1880-இல் இந்திய அஞ்சல் துறை தொடங்கிய மணியார்டர் முறையில், பணம் பெற்றவர் தாளில் கையெழுத்திட்டார். எழுத்தறியாதவர் பெருவிரல் ரேகை பதித்தார். பணம் உரியவரிடமே சேர்ந்தது என்பதற்கு அதுவே சான்று. ‘உரியவர் இவர்தாம் என்று அறிவது எப்படி?’ என்னும் அவ்வினா, இன்று நம் சட்டைப் பையிலுள்ள வங்கி அட்டைக்கும் உரியதே. அதற்கு விடை கண்ட வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

1960-களில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனப் பொறியாளர் பாரஸ்ட் பாரி, பிளாஸ்டிக் அட்டையில் காந்தப் பட்டையைப் பொருத்தும் முறையைக் கண்டார். கணக்கு விவரங்கள் அப்பட்டையில் பதிவாயின. ஆனால் பட்டை எப்போதும் ஒரே செய்தியையே சொல்லும். எவர் படித்தாலும் சொல்லும். அதனை வேறோர் அட்டையில் நகலெடுத்துவிட்டால், அசல் எது, போலி எது என்று இயந்திரம் அறியாது. அட்டை நம் கையிலிருக்கப் பணம் மட்டும் பறிபோனது இவ்வழியேதான்.

மாற்று வழிக்கான வித்து ஐரோப்பாவில் விழுந்தது. 1968-இல் ஜெர்மானியரான ஹெல்முட் குரோட்ரப், யூர்கன் டெத்லோஃப் இருவரும் அட்டைக்குள் மின்னணுச் சில்லை வைக்கும் எண்ணத்திற்குக் காப்புரிமை கோரினர். 1974-இல் பிரான்சு நாட்டு ரோலான் மொரேனோ, நினைவகச் சில்லு கொண்ட அட்டைக்கு விண்ணப்பித்தார். 1977-இல் அந்நாட்டு மிஷேல் உகோன், கணக்கிடும் ஆற்றலுடைய சில்லை முன்வைத்தார். 1992-இல் பிரெஞ்சு வங்கி அட்டைகள் யாவும் சில்லு பெற்றிருந்தன. பின்னர் யூரோப்பே, மாஸ்டர்கார்டு, விசா ஆகிய மூன்று நிறுவனங்கள் உலகுக்கெல்லாம் பொதுவான விதிகளை வகுத்தன.

இச்சில்லு செய்வது என்ன? வங்கி அதனுள் ஓர் இரகசிய எண்ணைப் பதிக்கிறது. கடைக் கருவி, தொகையையும் தேதியையும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தோன்றும் ஓர் எண்ணையும் சில்லுக்கு அனுப்புகிறது. சில்லு அவற்றைத் தன் இரகசிய எண்ணோடு சேர்த்துக் கணக்கிட்டு, விடையை மட்டும் வெளியிடுகிறது. வங்கியும் அதே கணக்கைச் செய்து, இரு விடைகளும் ஒத்திருந்தால் இசைகிறது. இன்றைய விடையைத் திருடியவனுக்கு அது நாளை பயன்படாது. நாளைய வினா வேறு. இரகசியமோ சில்லை விட்டு வெளிவருவதே இல்லை.

நம் நாட்டில், காந்தப் பட்டை மட்டுமே உள்ள அட்டைகளை 2018 டிசம்பர் 31-க்குள் சில்லு அட்டைகளாக மாற்றுமாறு ரிசர்வ் வங்கி பணித்தது.

எனினும் சில்லின் காவலுக்கும் எல்லை உண்டு. அட்டை போலியன்று என்பதற்கே அது சான்று. அட்டையை வைத்திருப்பவர் உரியவர் என்பதற்கு, நாம் அழுத்தும் நான்கு இலக்க எண்ணே சான்று. வேற்று மொழி வழங்கும் ஊரில், தொலைபேசியில் ஒருவன் வங்கியின் பெயரைச் சொல்லித் தமிழிலேயே பரிவோடு பேசினால், நம் மனம் இளகுவது இயல்பு. அவனிடம் அந்த எண்ணைக் கூறிவிட்டால் எந்தச் சில்லும் நம்மைக் காவாது. தன் இரகசியத்தைச் சில்லு எவருக்கும் உரைப்பதில்லை. நாமும் நம்முடையதை உரையாதிருப்போமாக.