சாம்பியன் ஆன பிறகு காணாமல் போன அணி: சென்னை சிட்டியின் கதை

இன்னைக்கு கால்பந்து. ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஐ-லீக் கோப்பையை ஜெயிச்ச ஒரே தமிழ்நாட்டு அணி எது?

பாதி பேர் சென்னையின் எஃப்சி என்று சொல்லியிருப்பீங்க. அவங்க 2015-லயும் 2018-லயும் ஜெயிச்சது ஐஎஸ்எல். அது வேற போட்டி, வேற காசு. நான் கேட்கிற அணி சென்னை சிட்டி எஃப்சி. பெயர்ல சென்னை இருக்கு. ஆனா கோப்பையைத் தூக்கினது கோயம்புத்தூர்ல. அதுக்கப்புறம் மூணு வருஷம் முடியறதுக்குள்ள, அந்த லீக்கிலேயே அந்த அணி இல்ல.

இது ஏன் நடந்தது? இதுக்கு ஏன் நாம கவலைப்படணும்? அதுதான் இந்த எபிசோட்.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். தமிழ்நாட்டில் ரொம்ப காலம் கால்பந்து என்றால் அது ஆபீஸ் அணிகளின் ஆட்டம். வங்கி, ரயில்வே, போலீஸ், ஐசிஎஃப் மாதிரி நிறுவனங்கள். 1996-ல் தேசிய கால்பந்து லீக் தொடங்கிய பிறகு, அதில் நம்ம பக்கத்திலிருந்து ஆடிய அணி இந்தியன் வங்கி. இந்த ஏற்பாட்டில் ஒரு பையனுக்குக் கிடைப்பது மேட்ச் சம்பளம் இல்லை, வேலை. முட்டி போனாலும் மேசை இருக்கும், பென்ஷன் இருக்கும். நம்ம வீட்டுப் பெரியவங்க "ஸ்போர்ட்ஸ் கோட்டா" என்று சொல்லும்போது குரல்ல ஒரு மரியாதை வருமே, அது இதனால்தான்.

தொழில்முறை கிளப் இதற்கு நேர் எதிர். ஒப்பந்தம் போடுவாங்க, நல்ல சம்பளம் தருவாங்க, ஆனா ஒப்பந்தம் முடிஞ்சா அவ்வளவுதான். அதனால கிளப் நிலைச்சு நிற்குமா என்ற கேள்வி ரசிகரைவிட வீரருக்குத்தான் பெரிய கேள்வி.

2007-ல் அந்த தேசிய லீக் "ஐ-லீக்" ஆனது. 2010-ல் இந்திய கால்பந்து சம்மேளனம் 15 வருஷத்துக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ஐஎம்ஜி-ரிலையன்ஸோட வணிக உரிமை ஒப்பந்தம் போட்டது. அதிலிருந்து பிறந்ததுதான் 2014-ல் வந்த ஐஎஸ்எல். 8 நகரங்கள், 8 அணிகள், சினிமா நட்சத்திரங்கள், கிரிக்கெட் நட்சத்திரங்கள், கடைசி இடம் வந்தாலும் வெளியே போக வேண்டியதில்லை. ஒரே நாட்டில் இரண்டு லீக். ஒன்றில் பணம், இன்னொன்றில் வரலாறு.

இந்தப் போக்கை எதிர்த்து 2016-ல் கோவாவின் பழைய கிளப்புகளான சல்கோகரும் ஸ்போர்ட்டிங் கோவாவும் ஐ-லீக்கிலிருந்து விலகினாங்க. காலி இடம் வந்தது. அந்த 2016-17 சீசனில் நேரடி அனுமதி கிடைத்த இரண்டு அணிகளில் ஒன்று சென்னை சிட்டி. புதுசா முளைத்தது இல்ல. நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் சென்னை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த பழைய அணிதான் பெயர் மாறி வந்தது.

முதல் சீசன் சென்னை நேரு ஸ்டேடியத்தில். அதே மைதானத்தில்தான் சென்னையின் எஃப்சியும் ஆடுது. அடுத்த சீசன், 2017-18-ல், அணி கோவை நேரு ஸ்டேடியத்துக்குப் போயிடுச்சு. இரண்டு சீசனும் பட்டியலின் கீழ்ப் பாதியில்தான்.

ஆனா அந்த ரெண்டு வருஷத்துல ஒரு நல்லது நடந்தது. மைக்கேல் சூசைராஜ் என்ற பையன். குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறை, கடலோர மீனவர் ஊர். சென்னை சிட்டிக்கு ஆடி, 2018-ல் ஐஎஸ்எல்லுக்குப் போய், 2019-ல் இந்திய அணிக்கே ஆடிட்டார். கீழ்ப் பாதியில் இருந்தாலும் ஒரு தேசிய லீக் அணி பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுதான் சாட்சி. டிவியில் அவர் ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் கண்ணில் பட அவருக்கு ஒரு ஜன்னல் கிடைத்தது.

இப்போ 2018-19. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிய சிலரைக் கூட்டிட்டு வந்தாங்க. பெத்ரோ மான்ஸி, சாண்ட்ரோ, நெஸ்டர். கூடவே எட்வின் வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் மாதிரி நம்ம பசங்க. முதல் மேட்சிலேயே கோவையில் இந்தியன் ஆரோஸை 4-1 என்று அடிச்சாங்க, மான்ஸிக்கு ஹாட்ரிக். சீசன் முடியும்போது அவர் கணக்கில் 21 கோல்.

2019 மார்ச் 9. கடைசி நாள். சென்னை சிட்டிக்கு ஒரு புள்ளி பின்னாடி கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். நூறு வயதை நெருங்கிய கிளப், லட்சக்கணக்கான ரசிகர்கள், 2004-க்குப் பிறகு தேசிய லீக் கைக்கு வராத தவிப்பு. அவங்க கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோட ஆடறாங்க. இவங்க கோவையில் மினர்வா பஞ்சாப்போட. ரெண்டு மேட்சும் ஒரே நேரம்.

மூணாவது நிமிஷமே மினர்வா கோல் போட்டாங்க. இடைவேளை வரைக்கும் 0-1. இரண்டாம் பாதியில் மான்ஸி பெனால்டியில் சமன் பண்றார். அப்புறம் கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர், ரெண்டு கோல் போடறார். 3-1. அந்தப் பக்கம் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கி, திரும்பி வந்து, 2-1 என்று ஜெயிச்சாங்க. அதாவது கோவையில் டிரா ஆகியிருந்தால்கூட கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். கடைசிக் கணக்கு 43-க்கு 42.

அதே வருஷம் மே மாசம், மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக்கை ஜெயிச்சது. ரெண்டு மாச இடைவெளியில் ஆண்கள் கோப்பையும் பெண்கள் கோப்பையும் தமிழ்நாட்டுக்கு. ரெண்டுமே தலைநகரத்தில் ஜெயிச்சது இல்ல. இதை ஒரு பெரிய செய்தியா நீங்க கேட்ட ஞாபகம் இருக்கா?

சரி, அப்புறம் என்ன ஆச்சு?

2019 ஜனவரியிலேயே சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கிளப் இந்த அணியில் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் மேலே போற மாதிரிதான் இருந்தது. ஆனா 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு இந்தியாவுக்கான புதிய பாதைக்கு ஒப்புதல் கொடுத்தது. இனி ஐஎஸ்எல்தான் நாட்டின் முதல் லீக். ஆசிய சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு அங்கே போயிடும். ஐ-லீக் ஒரு படி கீழே.

யோசிச்சுப் பாருங்க. நீங்க ஏணியின் கடைசிப் படிக்கு ஏறிட்டீங்க. ஏறின பிறகு, மாடி பக்கத்துக் கட்டடத்துக்கு மாறிடுச்சு. ஸ்பான்சர் எங்கே போவார்? டிவி எங்கே போகும்? நல்ல வீரர் எங்கே போவார்? மான்ஸி 2020 ஜனவரியில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார்.

அதே ஜனவரியில், ஜெயிச்ச கோப்பைக்கான பரிசாக ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று. பஹ்ரைனில் ரிஃபா அணியிடம் 0-1. மார்ச் 11, 2020, ஏஎஃப்சி கப்பில் மாலத்தீவின் மாசியாவுடன் 2-2. அது "சொந்த மைதான" ஆட்டம். நடந்த இடம் அகமதாபாத்! அடுத்த சில நாளில் கொரோனா எல்லாத்தையும் மூடிடுச்சு. 2020-21 ஐ-லீக் முழுக்க மேற்கு வங்கத்தில் மட்டும் நடந்தது. கோவைக்கு ஒரு மேட்ச்கூட வரல. 2021 டிசம்பரில் அடுத்த சீசன் 13 அணிகளோட தொடங்கியபோது, பட்டியலில் சென்னை சிட்டி இல்ல.

பழியை கொரோனா மேலயோ ஐஎஸ்எல் மேலயோ போட்டுட்டுப் போயிடலாம். ஆனா பக்கத்தில் ரெண்டு அணியை வச்சுப் பாருங்க. ஐ-லீக்கை 2017-ல் ஜெயிச்சது மிசோரமின் ஐசால் எஃப்சி, 2018-ல் மினர்வா பஞ்சாப், 2019-ல் சென்னை சிட்டி. தொடர்ந்து மூணு வருஷம், யாரும் எதிர்பார்க்காத சின்ன அணிகள். மினர்வாவை ரவுண்ட்கிளாஸ் நிறுவனம் வாங்கி, 2023-ல் மறுபடி ஐ-லீக் ஜெயிச்சு, பஞ்சாப் எஃப்சியாக ஐஎஸ்எல்லுக்கே ஏறிட்டாங்க. ஐசாலுக்கு அவ்வளவு பெரிய முதலாளி கிடைக்கல. ஆனா மிசோரமில் 2012-லிருந்து சொந்த பிரீமியர் லீக் இருக்கு. ஊர் முழுக்க பசங்க ஆடறாங்க, உள்ளூர் மேட்சை உள்ளூர் டிவியில் பார்க்கறாங்க. அணி சறுக்கலாம், அழியல. இன்னும் ஆடிட்டு இருக்கு.

ஒரு அணியைப் பணம் காப்பாத்தலாம், இல்லைன்னா ஊர் காப்பாத்தலாம். சென்னை சிட்டிக்கு ரெண்டுமே கடைசி வரைக்கும் கூட வரல. பெயர் ஒரு ஊர், மைதானம் இன்னொரு ஊர். கோவைக்காரங்க வந்து கைதட்டினாங்க, கோப்பை நாளில் கொண்டாடினாங்க. ஆனா அணி போனப்போ "எங்க அணியை எங்கே கொண்டு போறீங்க" என்று கேட்க அவங்களுக்கு ஒரு பிடிமானம் இல்ல. சட்டையில அவங்க ஊர் பெயரே இல்லையே.

நான் இதைப் பேசறது திருவண்ணாமலையிலிருந்து. எங்க ஊருக்குக் கூட்டத்துக்குப் பஞ்சமே இல்ல. ஒரு பௌர்ணமி ராத்திரி லட்சக்கணக்கான பேர் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கறாங்க. தொழில்முறை கால்பந்து கிளப் மட்டும் கிடையாது. கூட்டம் இருந்தா கிளப் வந்துடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கோவையிலும் கூட்டம் இருந்தது.

அதனால நாளைக்கு வேலூரோ சேலமோ திண்டுக்கல்லோ, உங்க ஊருக்கு ஒரு கிளப் வருதுன்னு பேனர் கட்டினா, சந்தோஷப்படுங்க, டிக்கெட் வாங்குங்க. கூடவே மூணு கேள்வி கேளுங்க. மைதானம் எத்தனை வருஷத்துக்கு உறுதி? உங்க மாவட்டத்து 13 வயசு பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் வாரா வாரம் மேட்ச் இருக்கா? முதலாளி நாளைக்குக் கிளம்பினா, பெயரும் சட்டையும் யார்கிட்ட இருக்கும்?

மூணாவது கேள்வியை மட்டும் மறக்காதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.