கண்ணாடி வீட்டில் குடியிருந்த டாக்டர்

வீடு கட்டப் போறீங்களா?
ஹாலுக்கு முழுச்சுவரும் கண்ணாடி வைக்கலாம்னு இன்ஜினியர் சொல்றாரா?
சரின்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு டாக்டரோட கதையைக் கேட்டுட்டுப் போங்க.

டாக்டர் ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த்.
அமெரிக்காவின் சிகாகோவில் சிறுநீரக நோய் மருத்துவர். தனியாக வாழ்ந்தவர். வார இறுதியில் ஓய்வெடுக்க, பிளானோ என்ற ஊரில் ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் நிலம் வாங்கினார்.

1945-ல் ஒரு விருந்தில், ஜெர்மனியிலிருந்து வந்த புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவைச் சந்தித்தார். வீடு கட்டும் பொறுப்பு அவரிடம் போனது.

1951-ல் வீடு தயார்.
எட்டு எஃகுத் தூண்கள். தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் தளம். நாலு பக்கமும் கண்ணாடி. சுமார் 1,500 சதுர அடியும் ஒரே அறை. நடுவில் குளியலறைகளுக்கு மட்டும் மரத்தடுப்பு.

இந்தக் கண்ணாடி மோகத்தில் எங்க துறைக்கும் பங்கு உண்டு. காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் ஓய்வு, வெயில், காற்று இவைதான் சிகிச்சை. வெளிச்சம் நிறைந்த வீடே ஆரோக்கியமான வீடு என்ற எண்ணம் கட்டடக் கலைஞர்களிடமும் ஊறிப்போனது.

கட்டடக்கலை உலகம் அந்த வீட்டைக் கொண்டாடியது.
உள்ளே இருந்தவர் பாடு?

வெயில் காலத்தில் வெக்கை. திறக்கக் கதவும், ஒரு ஓரத்தில் சின்ன ஜன்னல்களும்தான். குளிர்காலத்தில் கண்ணாடி முழுக்க நீர் வேர்க்கும்.
ராத்திரி விளக்கைப் போட்டால் வெளியே எதுவும் தெரியாது. வெளியே நிற்பவருக்கு எல்லாம் தெரியும்.
வீட்டை வேடிக்கை பார்க்க ஆட்கள் வேறு வந்தார்கள்.
சிங்க் அடியில் குப்பைக்கூடை வைத்தால் ரோட்டிலிருந்து தெரியுதுன்னு அதைக்கூட அவரால் வைக்க முடியவில்லை.

எக்ஸ்ரே மாதிரி இருக்கிறது இந்த வீடு என்றார் அவர்.
டாக்டருக்குத்தானே இந்த உவமை தோணும்!
அடுத்தவர் எக்ஸ்ரேவை நாங்க ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு வெச்சிடுவோம். அதுக்குள்ளேயே குடியிருக்க முடியுமா?

செலவும் பேசியதைத் தாண்டி சுமார் 74,000 டாலர் ஆனது. இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். அங்கே கை ஓங்கியது கட்டடக் கலைஞருக்கு.

ஆனாலும் அவர் ஓடிவிடவில்லை. பிளைண்ட் மாட்டினார். வராந்தாவுக்குக் கொசுவலை அடித்தார். தனக்குப் பிடித்த நாற்காலிகளைப் போட்டார். சுமார் இருபது வருஷம் அந்த வீட்டை வைத்திருந்து, 1972-ல் விற்றார்.

எங்க ஓபி-யில் தினமும் பார்க்கிறேன். சுற்றிலும் ஆட்கள் நிற்கும்போது "சும்மா உடம்பு வலி டாக்டர்" என்பார்கள். ஸ்கிரீனை இழுத்துவிட்டால்தான் உண்மையான பிரச்சினை வெளியே வரும். வெள்ளைப்படுதல், மார்பில் கட்டி, வீட்டுக்காரர் அடித்த காயம்.
அந்த ஒரு துணி சில நேரம் உயிரையே காப்பாற்றும்.

வெளிச்சமும் காற்றும் கட்டாயம் வேணும். திறந்து வைக்கிற உரிமையும், மூடிக்கொள்கிற உரிமையும் குடியிருப்பவர் கையில் இருக்கணும். அவ்வளவுதான்.

பிளானைப் பார்க்கும்போது மூணு கேள்வி கேளுங்க:
ராத்திரி எட்டு மணிக்கு லைட் போட்டால் ரோட்டிலிருந்து என்ன தெரியும்?
கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற அம்மா எங்கே உட்காருவாங்க?
வயசானவங்க ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டுப் படுக்க இடம் இருக்கா?

அந்த வீடு இன்று அருங்காட்சியகம். 2021-ல் அதன் பெயரோடு அவர் முதல் பெயரும் சேர்ந்தது: ஈடித் ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம்.
குடியிருந்தவரின் முழுப்பெயர் வாசலுக்கு வர எழுபது வருஷம் ஆகியிருக்கிறது.