குளிர்நீர் மருத்துவம் கற்பித்த பாடம்

உடலை நோகாமற் பேணுவதே நல்வாழ்வு என்பார் ஒரு சாரார். உடலை வருத்தினாலன்றி உறுதி பிறவாது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்கும் இடையே உண்மை எங்கு நிற்கிறது என்பதை அறிய, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுந்த குளிர்நீர் மருத்துவத்தின் வரலாறு பெரிதும் துணை செய்யும்.

அக்காலத்தில் ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த சிலீசியாவில் கிரேபன்பெர்க் என்றொரு மலைச்சிற்றூர் இருந்தது. இன்று அது செக் நாட்டைச் சேர்ந்தது. அவ்வூரில் 1799-ஆம் ஆண்டு ஒரு குடியானவர் மகனாகப் பிறந்தவர் வின்சென்ட்ஸ் பிரீஸ்னிட்ஸ். இளமையில் வண்டி விபத்தொன்றில் அவருடைய விலா எலும்புகள் முறிந்தன. வைத்தியர் கைவிட்டார், அவரோ குளிர்நீரில் நனைத்த துணிகளை மார்பிற் கட்டித் தேறினார். செய்தி பரவவே நோயாளிகள் திரண்டனர். காட்டருவி நீரை உயரத்திலிருந்து உடல்மீது பாய்ச்சுதல், விறகு பிளத்தல், எளிய உணவு ஆகியவையே அவர் அளித்த மருந்து. செல்வரும் பிரபுக்களும் அக்கடுமையை விரும்பி ஏற்றனர். 1851-இல் அவர் மறைந்தார்.

இம்மருத்துவத்துக்கு வேறொரு முகத்தை அளித்தவர் செபஸ்தியான் க்னைப். அவர் 1821-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பவேரியப் பகுதியில் ஓர் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்தார். சமயக் கல்வி பயிலுங்கால் மார்பு நோய் அவரை வாட்டிற்று. அப்பொழுது, 1738-இல் ஹான் என்னும் சிலீசிய மருத்துவர் குளிர்நீர் பற்றி எழுதிய நூலொன்று அவர் கைக்குக் கிட்டியது. 1849-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் டான்யூப் ஆற்றுக்கு விரைந்து நடப்பார். சில நொடிகளே நீரில் மூழ்குவார். உடனே உடுத்து வீட்டுக்கு விரைவார். நாளடைவில் நலம் பெற்று, 1852-இல் குருவானார்.

1855-இல் வோரிஷோபன் என்னும் ஊருக்கு அனுப்பப்பட்ட அவரை நோயாளிகள் நாடி வந்தனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் தம் முறையின் கடுமையைத் தளர்த்தினார். பூவாளியால் முழங்கால்களில் நீர் வார்த்தல், பனிபடர்ந்த புல்லில் வெறுங்காலோடு நடத்தல், முழங்கால் அளவு நீரில் அடிபெயர்த்து நடத்தல் போன்ற எளிய பயிற்சிகளே அவர் பெயரை நிலைநாட்டின. 1886-இல் வெளிவந்த அவரது நீர்மருத்துவ நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. 1897-இல் அவர் காலமானார்.

எனினும், ஒருவர் தேறியதைக் கொண்டு நீரே அவரைக் குணப்படுத்திற்று எனத் துணிவது ஆராய்ச்சியாகாது. க்னைப்பின் நோய் காசநோய் என்பர். அந்நோயின் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்ததோ 1882-இல்தான். எனவே 1849-இல் அதனை எவரும் ஐயமற உறுதி செய்திருக்க இயலாது. நடையும், காற்றும், இளமையும் அவருக்குத் துணை நின்றிருக்கலாம் அன்றோ?

2016-ஆம் ஆண்டில் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்று இவ்வழக்கில் சிறிது ஒளி பாய்ச்சிற்று. 3,018 பேர் அதிற் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினர் வழக்கம்போற் குளித்தனர். ஏனையோர் 30 நாள்கள் வெந்நீர்க் குளியலின் இறுதியில் 30, 60 அல்லது 90 நொடிகள் தண்ணீரில் நின்றனர். தண்ணீரில் நின்றோர் நோய் காரணமாகப் பணிக்கு வராத நாள்கள் 29 விழுக்காடு குறைந்தன. ஆயினும் நோயுற்றிருந்த நாள்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க குறைவில்லை. நோய் குறைந்தது என்பதினும், நோயிலும் பணியாற்றும் தெம்பு கூடிற்று என்பதே பொருத்தமாகும். அன்றியும் 90 நொடி நின்றோர் 30 நொடி நின்றோரினும் மிகுதியாக ஒன்றும் பெற்றிலர்.

இக்கடைசி முடிபே கருதத்தக்கது. தாங்கும் துன்பத்தை மும்மடங்கு ஆக்கினால் பயனும் மும்மடங்கு ஆவதில்லை. மாறாக, கடுங்குளிர் நீரில் திடீரென இறங்கினால் மூச்சுத் திணறும்; இரத்த அழுத்தம் ஏறும்; இதய நோயாளருக்கு அது உயிருக்கே இடராகும்.

பிரீஸ்னிட்சின் அருவியைக் காட்டிலும் க்னைப்பின் பூவாளி நெடுங்காலம் வாழ்வதன் காரணம் இதுவே போலும். ஜெர்மானியர் பலர் இன்றும் அவர் வகுத்தபடி நீரில் நடக்கின்றனர். சிறு வருத்தம் உடலைப் பழக்கும். பெருவருத்தம் அதனை முறிக்கும். இவற்றின் எல்லையை அறிந்து நிற்பதே அம்மருத்துவம் நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.