கண்ணாடிக்குள் கடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கடலிலிருந்தோ கடனீரேரியிலிருந்தோ பத்து மைலுக்கு அப்பாற்பட்ட ஊர் ஒன்றுமில்லை. இத்தனை அருகில் இருக்கும் கடலை ஒரு கண்ணாடித் தொட்டியில் ஏந்தி வீட்டிற்குள் வைப்பதோ எளிய காரியமன்று. அவ்வாறு வைத்தவர் முதலிற் காணும் சேதம் மீனுக்கு நேர்வதன்று. தொட்டியைத் தாங்கும் மரத்தாங்கிக்கு நேர்வதே. தெறிக்கும் துளி உலர்ந்து உப்பாகிறது. மாரிக்காலத்தில் அந்த உப்புக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிறது. ஈரம் வார்ணிசின் கீழ் நுழைந்து அதனைச் செதில் செதிலாகக் கிளப்புகிறது; இரும்பாணி துருவேறிப் பருக்கிறது. மூன்றடி நீளமும் ஒன்றரையடி அகலமும் ஒன்றரையடி உயரமுங் கொண்ட தொட்டியிலே ஏறத்தாழ 190 லீற்றர் நீர் கொள்ளும். கடல்நீர் நன்னீரினும் கனமானது. ஆகவே நீரின் நிறை மட்டும் 195 கிலோவுக்குக் குறையாது. கல்லும் மணலும் கண்ணாடியும் இதற்கு மேல். நான்கு மூட்டை அரிசியைத் தலையிற் சுமந்தவாறு உப்புக்காற்றில் நிற்பது போன்றது அந்தத் தாங்கியின் பாடு. என்றோ ஒரு நாள் தொட்டியை இறக்கித் தாங்கியைப் புதுக்கியே ஆகவேண்டும். அதன்பின் கடலை மீண்டும் எப்படிக் குடியேற்றுவது என்ற வினா எழும். அந்த வினாவுக்கு விடை காணவே உலகம் நெடுங்காலம் உழைத்தது.

1832ஆம் ஆண்டளவில், சிசிலித் தீவின் மெசினா நகரில் வாழ்ந்த ஜான் வில்ப்ரோ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, கணவாய்க்கு உறவான ஆர்கோநாட் என்னும் உயிரைக் கண்ணாடித் தொட்டிகளில் வைத்து ஆராய்ந்தார். அவ்வுயிர் தன் ஓட்டைத் தானே கட்டுகிறதா, பிறிதோர் உயிரின் ஓட்டிற் குடிபுகுகிறதா என்பது அந்நாளில் அறிஞரிடையே இருந்த வழக்கு. தானே கட்டுகிறது என்று அவர் கண்ணாற் கண்டு நிறுவினார். 1846இல் அன்னா தின் என்ற ஆங்கிலப் பெண்மணி கடற்கரையிலிருந்து பவள உயிர்கள் சிலவற்றை இலண்டனுக்குக் கொண்டுசென்றார். நகரிற் கடல்நீருக்கு எங்கே போவது? இருந்த நீரையே திறந்த சாளரத்தின் அருகில் ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்து, காற்றுக் கலக்கவைத்தார். நாள்தோறும் அரைமணி நேரத்துக்கு மேல் நடந்த இவ்வேலை பணிப்பெண்ணின் கைகளில் விழுந்தது. வரலாறு அவள் பெயரை மறந்துவிட்டது. பின்னர் கடற்பாசியை நீரில் இட்டதும் ஊற்றும் வேலை குறைந்தது. 1850இல் ரொபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் மீன், நீர்ச்செடி, நத்தை மூன்றும் ஒன்றையொன்று காக்குமாறு ஒரே தொட்டியில் வாழவைத்த செய்தியை வெளியிட்டார். 1853இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் மீன்மனை திறக்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூலினால் ‘அக்குவாரியம்’ என்ற சொல் வீடுதோறும் பரவியது. கண்ணாடிக்கு இங்கிலாந்தில் இருந்த வரி 1845இல் நீக்கப்பட்டதையும் இங்கே மறக்கலாகாது. அறிவின் வளர்ச்சிக்குச் சில வேளை வரிக்குறைப்பும் துணைசெய்கிறது.

இங்கிலாந்தில் அது பொழுதுபோக்காய் இருந்தது. இலங்கையிலோ அரசாங்கத்தின் வருவாய் அதனைப் பொறுத்து நின்றது. குடாநாட்டுக்குத் தெற்கே மன்னார்க் கடலிலுள்ள முத்துப் பார்கள் 1837க்குப் பின் வறண்டன. 1855இலேதான் மறுபடியும் குளிப்பு நடந்தது. சிப்பி ஏன் மறைந்தது, எங்கே போயிற்று என்று சொல்லுவாரில்லை. வடகடலின் மக்கள் சங்கையும் சிப்பியையும் தலைமுறைதோறும் அறிந்தவர். யாழ்ப்பாணத்துச் சங்கு வங்காளத்துக்குச் சென்று மங்கையர் கைவளையாயிற்று. ஆயினும் கரைக்கு வந்தது இறந்த ஓடு. அல்லது இறக்கப்போகும் உயிர். நீருக்கடியில் அது என்ன செய்கிறது என்பதைக் குளிப்பவன் ஒரே மூச்சின் அளவுக்கு மட்டுமே காண முடிந்தது.

இந்நிலையில், 1857இல் முத்துச் சிப்பியை ஆராயும் பணி எட்வேர்ட் பிரடெரிக் கெலாட் என்ற மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1819இல் இலங்கையிற் பிறந்தவர். இத்தீவின் விலங்குகளைப் பற்றி 1852இலேயே நூல் எழுதியவர். திருகோணமலையில் இருந்துகொண்டு, தம்பலகாமத்துக் கடனீரேரிச் சிப்பிகளையும் அவர் ஆராய்ந்தார். கடல்நீர் நிறைந்த பாத்திரங்களில் உயிருள்ள முத்துச் சிப்பிகளை வைத்து, நாட்கணக்கில் அவற்றின் நடத்தையைக் குறித்தார். பாறையைப் பற்றிக்கொள்ளச் சிப்பி தன் உடலிலிருந்து இழைகளை விடுகிறது. ஓரிடத்தில் ஒட்டியது அங்கேயே மடியும் என்ற கருத்து அதுவரை நிலவியது. கெலாட் கண்டதோ வேறு. சிப்பி தன் பற்றிழைகளை விட்டுவிட்டு, தன் பாதத்தின் உதவியால் நகர்ந்து, புதிய இடத்திற் புதிய இழை விட்டு ஒட்டியது. அதுவும் விரும்பிய போதெல்லாம். உவர்நீரில் அது வாழ்ந்தது. நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் வெயில் படும் ஆழமற்ற இடத்திலும் வாழ்ந்தது. அப்படியானால் சிப்பியை ஓரிடத்திலிருந்து எடுத்துச் சென்று வேறிடத்தில் வளர்க்கலாமே! ஒரு பாத்திர நீரிலிருந்து இந்த நம்பிக்கை பிறந்தது. முத்து உண்டாவதற்கும் சிப்பிக்குள் வாழும் புழுக்களுக்கும் தொடர்பிருக்கலாம் என்றும் அவர் எழுதினார். ஆராய்ச்சி முடியுமுன், 1860இல் இங்கிலாந்து நோக்கிய கப்பற் பயணத்தில் அவர் உயிர் பிரிந்தது.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர நாற்பதாண்டுகள் சென்றன. 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன் இலங்கை வந்து, ஜேம்ஸ் ஹோர்ணெலுடன் பார்களை ஆராய்ந்தார். காலியில் கடலுயிர் ஆய்வுகூடம் அமைந்தது. புழுக் கருத்து அங்கே மீண்டும் தலையெடுத்தது. எல்லா முத்துக்கும் அது காரணமன்று என்பது பின்னரே தெளிவாயிற்று. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டில் பார்கள் ஒரு கம்பெனிக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. கடல் கம்பெனியின் கணக்குக்கு இசையவில்லை. 1907க்குப் பின் குளிக்கத்தக்க சிப்பியின்றிச் சில ஆண்டுகளில் அக்கம்பெனி கலைந்தது. அக்கரையிலே சென்னைக் கடற்கரையில் 1909இல் மீன்காட்சிச் சாலை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதுவும் மூடப்பட்டது.

இனித் தாங்கிக்கு வருவோம். உப்பேறிய மரத்தைத் தேய்க்குமுன் நன்னீராற் பலமுறை கழுவி, நிழலிலே பல நாள் உலரவிடுதல் வேண்டும். உப்பு உள்ளே இருக்க மேலே பூசிய வார்ணிஸ் அடுத்த மாரியிலேயே கிளம்பும். பழைய பூச்சைத் தேய்த்தெடுத்து, துருவேறிய ஆணிகளை நீக்கி, கூடியமட்டில் மரமுளைகளால் இறுக்குவது நலம். புதிய பூச்சின் மணம் முற்றும் அகலும் வரை தொட்டியை அதன்மேல் ஏற்றலாகாது. இதற்கு முன் தொட்டியிலிருந்த கல்லையும் மணலையும் பழைய கடல்நீரிலேயே நனைத்து, காற்றூட்டி வைத்திருத்தல் வேண்டும். அழுக்கென்று எண்ணிக் கிணற்றுநீரிற் கழுவுவோர் உண்டு. மீனின் கழிவாகிய அமோனியாவை நஞ்சு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் அந்தக் கல்லிலேதான் வாழ்கின்றன. 1890இல் விநோகிராட்ஸ்கி என்ற ருசிய அறிஞர் இவ்வகை நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அன்னா தின் ஊற்றிய நீரிலும் கெலாட்டின் பாத்திரத்திலும் அவை இருந்திருக்கும், அவ்விருவரும் அறியார்.

நீரை எங்கே எடுப்பது? கடனீரேரி அருகிலிருந்தாலும் அது தகாது. கோடையில் அது கடலைவிட உவர்க்கும். மாரியில் உப்புக் குன்றும். திறந்த கடலின் நீரே வேண்டும். பிளாத்திக்குக் கலத்தில் எடுத்தல் வேண்டும். வீட்டிலுள்ள செம்புக் குடத்தில் எடுத்தால் அதிற் கரையும் செம்பு சிப்பிக்கும் நண்டுக்கும் நஞ்சாகும். ஆனையிறவு உப்பைக் கிணற்றுநீரிற் கரைத்தால் என்ன என்று கேட்பவர்க்குக் கோஸ் 1854இலேயே விடை கூறியிருக்கிறார். அவர் செய்த செயற்கைக் கடல்நீரிற் கறியுப்புடன் எப்சம் உப்பும் மக்னீசியக் குளோரைட்டும் பொற்றாசியக் குளோரைட்டும் சேர்ந்தன. உப்பளத்திற் கறியுப்புப் படிகமாகும்போது மக்னீசிய உப்புகள் பெரும்பாலும் கைப்பு நீரிலே தங்கிவிடுகின்றன. ஆகவே உப்பளத்து உப்பு கறிக்கு ஆகும், கடலுக்கு ஆகாது. தொட்டியில் நீர் வற்றும்போது உப்பு வற்றுவதில்லை. குறைந்ததை நிரப்பக் கடல்நீரை ஊற்றினால் உவர்ப்பு நாளுக்கு நாள் ஏறும். நன்னீரே ஊற்றல் வேண்டும். சுண்ணக்கல்லில் ஊறிய குடாநாட்டுக் கிணற்றுநீரைவிட, கூரையிலிருந்து சேர்த்த தூய மழைநீர் இதற்குச் சிறந்தது.

இவ்வளவுஞ் செய்தபின்னும் மீனை உடனே விடுதல் தகாது. நுண்ணுயிர்கள் மீண்டும் நிலைபெறச் சில வாரம் செல்லும். முதலிற் சிறு துறவி நண்டு ஒன்றையோ இரண்டு சிப்பிகளையோ விட்டுப் பார்த்தல் வழக்கம். சிப்பியானால், இரவில் விட்ட இடத்திற் காலையில் அதனைக் காணாது தேட நேரிடும். கண்ணாடியின் மறுபக்கத்தில் அது புதிய இழை விட்டு ஒட்டியிருக்கும்.