விருப்பப் பட்டியலில் சிப்பிகாட்

காண வேண்டிய ஊர்கள், பழக வேண்டிய பொழுதுபோக்குகள் எனத் தனிமனிதர் எழுதிவைக்கும் பட்டியல்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள ஆய்வாளர் பலரும் தயங்குவர். அத்தகைய பட்டியல்களிலிருந்து எதைக் கற்கலாம் என்பதற்குத் தென் அந்தமானின் சிப்பிகாட் நல்ல எடுத்துக்காட்டு.

அந்தமான் மக்களின் விருப்பத்திற்குரிய இடமானதே அண்மையில்தான். 1858 மார்ச்சில் முதற்கைதிகள் வந்திறங்கிய பின், தமிழில் 'தீவாந்திர தண்டனை' என்னும் சொல்லே அச்சமூட்டியது. 1906இல் கட்டி முடிந்த செல்லுலார் சிறை 1979இல் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. மீளவே முடியாது என்று அஞ்சிய ஊருக்கு இன்று மூன்று நாள் சுற்றுலாவாகச் சென்று வருகிறோம். நடுவணரசு ஊழியருக்கான விடுப்புப் பயணச் சலுகைக்கும் இதில் பங்குண்டு. விருப்பம் முழுவதும் நம்முடையதன்று என்பதை அச்சலுகை ஆணைகள் காட்டும்.

போர்ட் பிளேரை அடுத்த சிப்பிகாட்டைப் பயண வழிகாட்டிகள் அறிமுகப்படுத்துவது 80 ஏக்கர் அரசு வேளாண் பண்ணையாக: கிராம்பு, சாதிக்காய், இலவங்கப்பட்டை, மிளகு, தென்னை. பசிபிக் தீவுகளில் திரட்டிய தென்னை வகைகளையும் இங்கு வளர்த்தனர். ஒரே வரியை வழிகாட்டிகள் ஒன்றிலிருந்து ஒன்று படியெடுத்துக்கொண்டே வந்தன.

நிலமோ அப்படியே இருக்கவில்லை. 2004 திசம்பர் 26 நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர்ப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஆழிப்பேரலை வந்து வடிந்துவிட்டது. தாழ்ந்த நிலம் பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை. அதனால் சிப்பிகாட்டின் தாழ்வயல்களுக்குள் ஓதநீர் ஏறி இறங்குவது வாடிக்கையாயிற்று. நெல் விளைந்த இடத்தில் உவர்நீர் நின்றது, வரப்புகள் மறைந்தன, அலையாத்திச் செடிகள் முளைத்தன. தென் அந்தமானின் இத்தகைய வயல்கள் பலவும் 1949 முதல் குடியேற்றப்பட்ட கிழக்கு வங்க அகதிகள் காடு திருத்தி உருவாக்கியவை. ஒரு முறை எல்லைக்கோட்டினால் நிலமிழந்து வந்தவர்கள் அவர்கள்.

பின்னர் பறவைகள் வந்தன, அவற்றைத் தேடி மனிதரும் வந்தனர். இத்தீவுகளுக்கே உரிய அந்தமான் கிளுவையைக் காண விரும்புவோர் குறிப்பேட்டில் இன்று சிப்பிகாட் தவறாது இடம்பெறுகிறது. பறவை நோக்கல் நல்ல பொழுதுபோக்கு. அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும் ஒருவரது பட்டியலில் 'அருமையான நீர்நிலை' என்றிருப்பது, இன்னொருவரது பட்டாவில் இன்னும் நெல்வயல்.

ஆகவே சிப்பிகாட்டைக் குறிக்கும் பட்டியல் எது கிடைத்தாலும் அதன் ஆண்டை முதலில் பாருங்கள். பண்ணை மட்டும் இருந்தால் அது 2004க்கு முந்தையது, அல்லது அதைப் படியெடுத்தது. கிளுவை இருந்தால் பிந்தையது. உழவர் இடம்பெற்ற பட்டியல் ஒன்று கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள்.