துண்டு முதல் சுயவிபரக்கோவை வரை

மலையகத்தில் 'சி.வி.' என்றால் எமது தலைமுறையினருக்கு எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையே நினைவுக்கு வருவார். இன்றைய இளைஞருக்கோ அது வேலை தேடும் தாள். தமிழில் சுயவிபரக்கோவை என்கிறோம்.

அண்மையில் எஹலியகொடைக்குச் சென்றிருந்தேன். அவிசாவளைக்கும் இரத்தினபுரிக்கும் இடையே, இறப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது. க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்த தோட்டத்து யுவதி ஒருவர், எழுதுவினைஞர் வேலையொன்றுக்கு அனுப்பவிருந்த தமது சுயவிபரக்கோவையை என்னிடம் நீட்டி, "ஐயா, ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்றார். 'தொழில் அனுபவம்' என்பதன் கீழ் ஒரே சொல்: 'இல்லை.' தோட்டத்தின் பெயர் எங்குமே இல்லை. முகவரியாக நகரத்து உறவினர் வீடு தரப்பட்டிருந்தது.

அந்த 'இல்லை'யின் பின்னால் நெடிய வரலாறு உண்டு.

இவரது முன்னோரைப் பற்றியும் தாள்கள் எழுதப்பட்டன, எழுதியவர்கள் பிறர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவரின் கழுத்தில் தோட்டத்தின் அடையாளமும் இலக்கமும் பொறித்த தகர வில்லை தொங்கியது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற 'துண்டு' வேண்டியிருந்தது. தொழிலாளியின் கைத்திறன் அதில் இராது. எவ்வளவு கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்போம் என்பதே இருக்கும். கடன் தொகையே அன்று அவருடைய தகைமை! 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

அடுத்து வந்தது குடியுரிமைச் சோதனை. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க, 1946 ஜனவரி 1 க்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இங்கு வசித்தமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரச உத்தியோகம் இல்லை. 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின்னரே இப்பிரச்சினை பெருமளவில் தீர்ந்தது.

ஆகவே, தம்மைப் பற்றித் தாமே எழுதும் தாள் இம்மக்களுக்குப் புதியது. அதில் 'இல்லை' என்று எழுதலாமா?

ஏறத்தாழ 1482 இல் லியனார்டோ டா வின்சி மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்போர்சாவுக்கு எழுதிய கடிதத்தை உலகின் முதல் சுயவிபரக்கோவை என்பார்கள். பார்த்த உத்தியோகங்களை அவர் பட்டியலிடவில்லை. பாலம் அமைப்பேன், போர்க்கருவி செய்வேன் எனத் தம்மால் இயன்றதையே, ஆட்சியாளரின் தேவையறிந்து, இலக்கமிட்டு எழுதினார்.

நானும் அந்த யுவதியிடம், "உங்களால் என்ன இயலும்?" என்று கேட்டேன். தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் சந்தாக் கணக்கை இரண்டு ஆண்டுகளாக எழுதுகிறார். கூட்டக் குறிப்பும் அவர் கையெழுத்தில்தான். மாலையில் சிறுவர்களுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறார். எழுதுவினைஞருக்கு இதைவிட வேறென்ன அனுபவம் வேண்டும்? 'இல்லை'யை அடித்துவிட்டு இம்மூன்றையும் காலத்துடன் எழுதினோம். உறுதிப்படுத்தச் சங்கத் தலைவரையும் பாடசாலை அதிபரையும், அவர்களது சம்மதத்துடன், குறிப்பிடச் சொன்னேன். சான்றிதழ் இன்றித் தொழில் கற்றோர்க்கும் வழியுண்டு: திறமையைச் செய்துகாட்டி, மதிப்பீட்டின் மூலம் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம்.

"தோட்டத்தின் பெயரை எழுத வெட்கமா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க ஐயா. தோட்டத்துக்கு வார கடுதாசி ஆபீசுல கெடந்துதான் கைக்கு வரும். இன்டர்வியூ முடிஞ்சிரும்" என்றார்.

வெட்கப்பட்டது நான்தான். உறவினர் முகவரியை அப்படியே விட்டோம். தோட்டத்தின் பெயரை அனுபவப் பகுதியில், சங்கத்தின் பெயரோடு சேர்த்து, அவரே தம் கையால் எழுதினார்.